ஞாயிறு காலை ஆறு மணி

தீவு நிலையம்
ஜனவரி 20, செவ்வாய்

வீட்டுக்கு,

போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேன். போனில்தான் நீ கிடைப்பதில்லையே.

பதினோராம் தேதி கூப்பிட்டேன். பெரியவள் எடுத்தாள். பதினெட்டாம் தேதியும் அவள்தான். "அம்மா எங்கே?" என்றால், "ஓடப் போயிருக்காங்கப்பா" என்கிறாள். "ஓடப் போயிருக்காளா?" என்று நான் திருப்பிக் கேட்டது, டீ கொண்டுவந்த சமையல்காரருக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. மத்தியானம் என் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, "மனசைத் தளர விடாதீங்க மெக்கானிக் சார், திரும்பி வந்துருவாங்க" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

இங்கே ஒன்பது பேருக்கு ஒரே சாட்டிலைட் போன். ஆளுக்கு வாரத்தில் பதினைந்து நிமிடம், பதிவு செய்த ஒரே ஒரு வீட்டு எண்ணுக்கு. இணையம் வானிலைத் தகவல் அனுப்ப மட்டும். கடிதம் வியாழக்கிழமைப் படகில். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருடமாக ஞாயிறு காலை ஆறு மணி என்னுடையது. மற்ற ஆறு நாளும் நான் கேட்பது ஜெனரேட்டர் சத்தம். ஞாயிற்றுக்கிழமை கேட்பது உன் குரல்.

நாற்பத்து நான்கு வயதில் எதற்கு இந்த ஓட்டம்? உடம்பு குறைய வேண்டுமென்றால் நடந்தாலே போதும். ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் சாயங்காலம் ஓடு. இருபத்தைந்தாம் தேதி வீட்டில் இரு.

இடது கால் மூட்டில் வலி என்று முன்பு சொல்வாயே, அது என்ன ஆயிற்று?


ஜனவரி 25, ஞாயிறு

தீவில் இருப்பவருக்கு,

இரண்டு கால்களையும் வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தீர்கள். நான் பத்தொன்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்தேன்.

மூட்டு வலி போய்விட்டது. நீங்கள் கேட்டது ஒன்றுக்காவது நல்ல பதில் இருக்கட்டும் என்று முதலில் சொல்கிறேன்.

மார்ச் 15 மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு கொசுறு. பதினாறு வார அட்டவணையை சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு இருபது பேர் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டு என்னை முறைப்பார்கள். எனக்கென்று ஒரு காலை இருந்தால் அது ஞாயிறு மட்டும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசியிலிருந்தே ஓடுகிறேன். பதினான்கு கிலோமீட்டர் வரைக்கும் நாலு மணிக்குக் கிளம்பி, ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வீட்டுக்குள் வந்து, வியர்வை சொட்டச் சொட்ட உங்களோடு பேசினேன். "என்ன, மூச்சு வாங்குது?" என்று ஒரு தடவை கேட்டீர்கள். "மாடிப்படி" என்றேன். அது பொய். அந்தப் பொய்க்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். ஓட்டத்துக்கு இல்லை.

டிசம்பரில் உங்களிடம் கேட்டேன்: "ஜனவரிப் பட்டியல்ல சாயங்கால முறையா எடுத்துக்குங்களேன்." நீங்கள், "சாயங்காலம்னா பின்னாடி நின்னு அத்தனை பேரும் கேப்பானுங்க" என்று சொல்லிவிட்டுப் பழைய நேரத்தையே எடுத்துக்கொண்டீர்கள். ஏன் கேட்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதில் பாதித் தப்பு என்னுடையது.

உடம்பு குறைய ஓடவில்லை. மேல்வீட்டு அம்மா தினமும் பால்கனியிலிருந்து, "யாரும்மா உன்னைத் துரத்துறாங்க?" என்கிறார். உங்கள் தங்கை போன் செய்து, "அண்ணன் அங்க ஒத்தையாக் கிடக்கிறாரு, அண்ணிக்கு இங்க ஓட்டப்பந்தயம் கேக்குதா?" என்றாள். "நீயும் வாயேன், துணைக்கு ஆள் இல்லாம இருக்கு" என்றேன். வைத்துவிட்டாள்.

இன்று ஆறு மணிக்கு இரண்டே நிமிடம் பேசிவிட்டு, "சரி, வை" என்றீர்களாம். மீதிப் பதின்மூன்று நிமிடத்தை என்ன செய்தீர்கள்? இரண்டு பெண்கள் அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.


தீவு நிலையம்
பிப்ரவரி 3, செவ்வாய்

வீட்டுக்கு,

நீ சொன்னபடி இந்த ஞாயிறு பதினைந்து நிமிடமும் பேசினேன். சின்னவள்தான் பேசினாள். "அப்பா, கண்ணாடிக் கால் உடைஞ்சிடுச்சு. பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கேன். கிளாஸ்ல எல்லாரும் எனக்குக் காதுல அடிபட்டிருக்குன்னு நினைக்கிறாங்க" என்றாள்.

எந்தக் கண்ணாடி என்று நான் கேட்டேன். டிசம்பரிலிருந்து அவள் கண்ணாடி போடுகிறாளாம். என் மகள் கண்ணாடி போடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு நீயும் நானும் பேசியிருக்கிறோம்? கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கு". என்ன நல்லா இருந்தது?

மாரத்தான் தேதியைப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் எனக்குப் பத்து நாள் விடுப்பு. மார்ச் 12 படகில் கிளம்பி 14 சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். மறுநாள் விடியும் முன்னே நீ கிளம்பிப் போய்விடுவாய், அப்படித்தானே? தேதி தெரிந்தும் அதில்தான் பேர் கொடுத்தாயா?

எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது. வரும் பதினைந்தாம் தேதி போனில் நீ இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு, எட்டாம் தேதி, கடிதம் உன் கைக்கு வர நாளாகும் என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் எனக்குப் பதில் வராவிட்டால், இல்லை வரமாட்டேன் என்று வந்தால், என் முறையைச் சமையல்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன். அவர் மனைவிக்கு இது எட்டாவது மாதம். அவருக்காவது மறுபக்கம் ஆள் காத்திருக்கும்.


பிப்ரவரி 15, ஞாயிறு

தீவில் இருப்பவருக்கு,

உங்கள் மிரட்டலுக்கு நான் பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று உங்களுக்குப் புரிந்திருக்கிறது. இருபத்தாறு கிலோமீட்டர் ஓடிவிட்டு எட்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். பெரியவள் தலை வாராமல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் தரையில் படுத்து, உங்களிடம் சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டிருந்தாள். "லைன் கெட்டுப்போச்சாம்மா?" என்று கேட்டாள். எடுத்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

நீங்கள் என் மேல் எறிந்த கல் யார் மேல் விழுந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். கோபமாகத்தான் இருக்கும். நியாயம். ஆனால் அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு சனிக்கிழமையும் படுக்கப் போகும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். இடது பக்கம், 'சொல்ல'. வலது பக்கம், 'சொல்ல வேண்டாம்'. உங்களால் அங்கிருந்து செய்ய முடியாத எதையும், அங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் கவலைப்படக்கூடிய எதையும் வலது பக்கம் எழுதுவேன். அந்தப் பக்கம்தான் எப்போதும் நீளம். ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்து நெற்றியில் நான்கு தையல் போட்டார்கள். மறுநாள் ஞாயிறு. அந்தத் தையலோடு நின்றுகொண்டு, "எல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

இதை நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். நல்ல மனைவி அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன். இந்த வீட்டில் நடப்பதை எல்லாம் வடிகட்டி உங்களுக்குப் பதினைந்து நிமிடச் செய்தியாக வாசிப்பது என் வேலையாகிப்போனது. நீங்கள் குழந்தைகளோடு பேசியது, 'அம்மாகிட்ட குடு' என்ற இரண்டு சொல்தான்.

ஓடும்போது நான் யாருக்கும் செய்தி சொல்வதில்லை. என்ன நினைக்கிறேன் என்று கேட்டால்கூட எனக்குச் சொல்லத் தெரியாது. முதல் அரை மணி நேரம் ஈரத்துணி காயப்போட்டேனா, கேஸை மூடினேனா என்று மனசு ஓடும். அதற்கப்புறம் காலடிச் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தை நான் திருப்பித் தர மாட்டேன்.

நான் ஆறு மணிக்கு இல்லாமல் போனதால்தான் சின்னவள் கண்ணாடி உங்களுக்குத் தெரிந்தது. இதை மறுக்க முடியுமானால் மறுத்து எழுதுங்கள்.


தீவு நிலையம்
பிப்ரவரி 24, செவ்வாய்

வீட்டுக்கு,

மறுத்து எழுத மூன்று தாள் கிழித்தேன்.

என் முறையைக் கொடுத்துவிட்டால் ஜூலையில் புதுப் பட்டியல் போடும்வரை திரும்ப வாங்க முடியாதாம். நிலைய அதிகாரி பேரேட்டைத் திறந்து காட்டிவிட்டு, "நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்கிறார். சமையல்காரருடைய முறைதான் இப்போது எனக்கு. புதன் மத்தியானம் இரண்டு மணி. நீ ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தெரிந்தும் போன புதன்கிழமை அடித்தேன். ஆள் இல்லாத வீட்டில் போன் அடிப்பதைக் கடைசிவரை கேட்டேன். ஏன் என்று கேட்காதே.

எட்டாம் தேதி பேசியபோது பெரியவள் ஒன்று சொன்னாள். இயற்பியலை விட்டுவிட்டு வரலாறு எடுத்து ஏழு மாதம் ஆயிற்றாம். நீதான் கையெழுத்துப் போட்டாயாம். நவம்பரில் நான் பத்து நாள் வீட்டில் இருந்தேன். என் எதிரில் இயற்பியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து நாடகம் போட்டிருக்கிறீர்கள், நான் ஒருவன் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

உன் நெற்றியில் தையல் போட்டது எந்த வருடம்?

விடுப்பை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் 12 வரவில்லை. 26 படகில் வருகிறேன். உன் பந்தயத்தை நீ முடித்துக்கொள். நான் தடையாக இருந்தேன் என்று நாளைக்குப் பேச்சு வர வேண்டாம். இதில் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.


மார்ச் 1, ஞாயிறு

தீவில் இருப்பவருக்கு,

ஆறு வருடத்துக்கு முன்னால், சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது. தழும்பு புருவத்துக்கு மேலே இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். "இது எப்ப?" என்று கேட்டீர்கள். "சின்ன வயசுல" என்றேன்.

இயற்பியல் விஷயத்தில் உங்களுக்கு வலிக்கும், வலிக்கட்டும். அவளிடம் ஒரு தடவைகூட, "உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று நாம் இரண்டு பேருமே கேட்டதில்லை. இரண்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அழுதாள். கையெழுத்துப் போட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் போட்டிருப்பேன். மறைத்ததுதான் தப்பு. இனி வலது பக்கம் கிடையாது. தாளையே எடுக்கப்போவதில்லை.

அந்த வழக்கத்தில் முதலாவதாக ஒன்று சொல்கிறேன். போன ஞாயிறு முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டிய நாள். அட்டவணையிலேயே பெரிய நாள் அதுதான். விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு போகும்போது சின்னவள் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. ஷூவைக் கழற்றிவிட்டேன். அன்று முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் மனசு எங்கே இருந்தது தெரியுமா? அன்று நான் ஓடிக் கடந்திருக்க வேண்டிய பாலத்தில். குழந்தை ஜுரத்தில் கிடக்க, பாலத்தைப் பற்றி நினைக்கும் தாய் நான். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஜுரம் விட்டதும், புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த முப்பதையும் ஓடினேன்.

ஆக, இரண்டும் நான்தான். ஷூவைக் கழற்றியவளும், மாட்டியவளும். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொருத்தியை அனுப்பிவிட முடியாது.

விடுப்பைத் தள்ளிப்போட்டது உங்கள் விருப்பம். தடையாக இருந்தீர்கள் என்று பேச்சு வராது. தடையாக இருக்கத்தான் பார்த்தீர்கள், அது நடக்கவில்லை. காலை ஐந்து மணிக்குப் பந்தயம் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதையைத் திறந்து வண்டிகளை விட்டுவிடுவார்கள். முப்பத்தொன்றாவது கிலோமீட்டர் நம் தெருமுனைப் பெட்ரோல் பங்க் வழியாகப் போகிறது. பெண்கள் இருவரும் ஒன்பது மணிவாக்கில் அங்கே தண்ணீரோடு நிற்பார்கள். அதுவரை வீட்டில்தான் இருப்பார்கள்.

நீங்கள் வந்து நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் வரவில்லை என்பதற்காக நான் நிற்கவும் மாட்டேன்.


மார்ச் 16, திங்கள்

தீவில் இருப்பவருக்கு,

இன்று ஆஸ்பத்திரிப் படிகளில் பின்பக்கமாக இறங்கினேன். நேராக இறங்கினால் தொடை பிடித்துக்கொள்கிறது. சர்க்கரைக்குப் பார்க்க வந்த ஒருவர், "ஊசி போடுறதுக்கு முன்னாடி நீங்க உக்காருங்கம்மா" என்று எனக்கு நாற்காலியைத் தள்ளினார்.

ஐந்து மணி நேரம், நாற்பத்தெட்டு நிமிடம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் பதினோரு பேர்.

நேற்று ஆறு மணிக்கு ஏழாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டினேன். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். வீட்டில் போன் அடிக்காது என்று தெரியும். தெரிந்தும் நூறு அடி தூரத்துக்குக் காது அங்கேயே இருந்தது. அப்புறம் விட்டுவிட்டேன்.

இருபத்தெட்டில் வலது கால் கட்டைவிரல் நகம் போய்விட்டது என்று நினைத்தேன். முப்பதில், அந்த நகத்துக்காக யார் இவ்வளவு தூரம் வரச் சொன்னார்கள் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் பங்க் தெரிந்தது. சின்னவள் தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரி போட்ட கண்ணாடியோடு என் கூடவே ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பா கூப்பிட்டாரு."

"எப்ப?"

"ஆறு மணிக்கு. சமையல் மாமா ஒரு வாரம் விட்டுக்கொடுத்தாராம். எடுத்ததும் வழக்கம்போல 'அம்மாகிட்ட குடு'ன்னாரு. அக்கா, 'அம்மா இல்லன்னு தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க?'ன்னா. 'ஆமா, மறந்துட்டேன். உங்க ரெண்டு பேர்கிட்டதான் பேசணும்'னாரு."

"என்ன பேசினாரு?"

"நான் பத்து நிமிஷம் பேசிட்டேன். லிஸ்ட்ல இருந்த எல்லாத்தையும் சொல்லிட்டேன். அக்காவுக்கு அஞ்சு நிமிஷம்தான். அவ கோவமா இருக்கா."

திரும்பிப் பார்த்தேன். பெரியவள் கோபமாக இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த ராஜாவைப் பற்றிப் படிக்கிறாய் என்று கேட்டீர்களாம். அவள் சொல்லத் தொடங்கியபோது போன் நின்றுவிட்டதாம்.

நான் வீட்டில் இருக்க மாட்டேன் என்று தெரிந்த நேரத்தில் கூப்பிட்டிருக்கிறீர்கள். இதற்கு நான் என்ன எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நன்றி என்று எழுத மனம் வரவில்லை. தகப்பன் மகள்களோடு பேசியதற்குத் தாய் நன்றி சொன்னால் அது வேறு ஏதோ ஆகிவிடும். மீதிப் பதினோரு கிலோமீட்டரில் நான்கைந்து இடங்களில் நடந்தேன். ஆனால் எங்கேயும் உட்காரவில்லை. அதை மட்டும் எழுதுகிறேன்.

28ஆம் தேதி வருகிறீர்கள். மறுநாள் ஞாயிறு. இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆறு மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.


மார்ச் 29, ஞாயிறு
நம் வீட்டுச் சமையலறை

உனக்கு,

கடிதம் எழுதியே பழகிவிட்டது. வேறு தாள் கிடைக்கவில்லை. அலமாரிக் கதவில் இருந்த உன் பழைய அட்டவணையைப் பிய்த்து, அதன் பின்பக்கம் எழுதுகிறேன்.

நீ கதவைச் சாத்திவிட்டுப் போன சத்தம் கேட்டது. விழித்துத்தான் இருந்தேன். போகாதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மணி ஆறாகிறது. போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடிக்காது, அடிக்க வேண்டியவன் இங்கே இருக்கிறான். ஆனாலும் ஐந்து ஐம்பதிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. எங்கேயும் நகர முடியாமல் இப்படி உட்கார்ந்திருப்பது என்ன என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அங்கே வரிசையில் நிற்பவன்தான் காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னவள் கண்ணாடிக் காலைச் சரிசெய்துவிட்டேன். ஜெனரேட்டர் பேனலில் போடும் சின்னத் திருகாணி சரியாகப் பொருந்தியது. பெரியவள் எட்டு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள். ராஜா கதை பாதியில் நிற்கிறதாம்.

ஜூலைப் பட்டியலில் என்ன நேரம் எடுக்கட்டும்? உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். எனக்கு இன்னமும் இந்த ஓட்டம் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன், வலது பக்கம் கிடையாது என்றாயே.

எத்தனை கிலோமீட்டர் இன்றைக்கு?


(அதே தாளில், அடியில், வேறு பேனாவில்)

பத்து. அடுத்த ஞாயிறு பதினான்கு.

ஜூலையில் உங்களுக்குச் சௌகரியமான நேரம் எதுவோ அதை எடுங்கள். ஞாயிறு ஆறு மணியே என்றாலும் சரி. நான் இருக்கும் அன்றைக்கு நான் எடுப்பேன். இல்லாத அன்றைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை.

இந்த அட்டவணையைப் பிய்த்த இடத்தில் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டிச் சுத்தம் பண்ணி வையுங்கள். அக்டோபர் மாரத்தானுக்கான புது அட்டவணை அங்கேதான் ஒட்ட வேண்டும்.